ஆன்லைன் கவுன்சலிங்: வீட்டுக் கம்ப்யூட்டரைத் தயார் செய்வது எப்படி?

கூகுள் தேடல் கட்டத்தில் "ஆன்லைன் கவுன்சலிங்" என்று டைப் செய்து என்டர் தட்டிப் பாருங்கள். பொறியியல் கல்லூரிச் சேர்க்கை பற்றிய தளங்கள் வந்து குவியும். நம் ஊரில் கவுன்சலிங் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். நான் இன்ஜினியரிங் சேர்ந்தபோது அதற்காக அண்ணா பல்கலைக்கழக வளாகத்திற்கே நேரில் போய் உட்கார்ந்திருந்தோம். 2018-ல் அந்தக் கவுன்சலிங் ஆன்லைனுக்கு மாறியது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல.

ரிடையர் ஆன மறுவாரமே வீடு அந்நியமாகத் தோன்றுகிறவர், பிள்ளைகள் வெளிநாடு போன பின் பேச ஆளில்லாமல் இருக்கும் தம்பதியர், துணையை இழந்தவர், வேலை போனவர், விவாகரத்து வரை வந்து நிற்கும் கணவன் மனைவி என வாழ்க்கை திசை மாறும் நேரத்தில் பலருக்கும் பயிற்சி பெற்ற ஒருவரிடம் பேச வேண்டியிருக்கிறது. அதற்கான மனநல, குடும்ப நல ஆலோசனையை இப்போது வீட்டிலிருந்தே, கம்ப்யூட்டர் வழியாகப் பெறலாம். தேடும்போதும் "மனநல ஆலோசனை", "குடும்ப நல ஆலோசனை" என்று டைப் செய்தால் பொருத்தமான முடிவுகள் கிடைக்கும். முடிவுகளின் மேலே "ஸ்பான்சர்டு" என்ற சிறிய எழுத்துடன் வருபவை விளம்பரங்கள். அவற்றைத் தாண்டிக் கீழே பாருங்கள்.

இது புதிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1986-லேயே "டியர் அங்கிள் எஸ்ரா" என்ற சேவை தொடங்கப்பட்டது. மாணவர்கள் தங்கள் பிரச்னையைப் பெயர் சொல்லாமல் கம்ப்யூட்டரில் டைப் செய்து அனுப்ப, பதில் எல்லோரும் படிக்கும்படி திரையில் வெளியாகும். பல்கலைக்கழகத்தை நிறுவிய எஸ்ரா கார்னெலின் பெயர்தான் அந்த "அங்கிள்". பிரிட்டனில் தற்கொலைத் தடுப்புக்காகத் தொலைபேசி சேவை நடத்தி வந்த சமாரிட்டன்ஸ் அமைப்பு 1994-ல் இமெயிலிலும் பதில் தரத் தொடங்கியது. அப்போது எழுத்து மட்டும்தான். இப்போது முகம் பார்த்துப் பேசுகிறோம். அதில்தான் வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு ஒரு சிக்கலும் இருக்கிறது.

ஆலோசகரின் அறைக்கு நேரில் போனால் கதவு, நாற்காலி, வெளியே சத்தம் கேட்காத சுவர் எல்லாம் அவர் பொறுப்பு. ஆன்லைனில் அந்த அறையில் பாதியை நீங்கள்தான் கட்ட வேண்டும். ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், வீட்டில் நான்கு பேரும் பயன்படுத்தும் ஒரு கம்ப்யூட்டரில் அதை எப்படிக் கட்டுவது என்பதுதான் இங்கு பாடம்.

அதற்கு முன்: எதிரில் இருப்பவர் யார்?

மூன்று வகையினர் இருக்கிறார்கள். சைக்யாட்ரிஸ்ட் எனப்படும் மனநல மருத்துவர், எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர். மருந்து எழுதித் தருபவர் இவர். இவருடைய பதிவு எண்ணை தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்திலுள்ள இந்திய மருத்துவப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்பவர் ரீஹேபிலிடேஷன் கவுன்சில் ஆப் இந்தியா (ஆர்.சி.ஐ.) அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். மூன்றாவது வகைதான் கவுன்சலர். இந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள நம் நாட்டில் நீண்ட காலம் எந்த உரிமமும் தேவைப்படவில்லை. 2021-ல் வந்த துணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையினர் சட்டம்தான் இவர்களையும் ஒரு பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அதற்காகக் கவுன்சலர்கள் எல்லோரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. குடும்பச் சிக்கல்களில் சமூகப்பணி அல்லது உளவியல் முதுநிலைப் பட்டம் பெற்ற நல்ல கவுன்சலர்கள் பலர் பெரிய டாக்டர்களைவிடப் பொறுமையாகக் கேட்பார்கள். என்ன படித்தீர்கள், எங்கு பயிற்சி பெற்றீர்கள், உங்கள் பணியை மேற்பார்வை செய்பவர் உண்டா என்று கேளுங்கள். நல்லவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

மருத்துவர்களுக்கென மத்திய அரசு 2020 மார்ச் 25 அன்று டெலிமெடிசின் நெறிமுறைகளை வெளியிட்டது. அதன்படி மருத்துவர் தன் பதிவு எண்ணை மருந்துச் சீட்டு, இணையதளம், வாட்ஸ்அப் மற்றும் இமெயில் செய்தி, ரசீது எல்லாவற்றிலும் காட்ட வேண்டும். பெயர் தெரியாத ஆலோசனைக்கு அதில் இடமில்லை. இரு தரப்பும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும். எனவே மருத்துவர் உங்கள் பெயர், வயது கேட்டால் அது விதிப்படி சரியானதே. ஆதார் கார்டின் இரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லும் முகமறியாத "லைப் கோச்" வேறு ரகம். அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கட்டணம் தர இயலாதவர்களுக்கும், யாரிடம் போவது என்று தெரியாதவர்களுக்கும் மத்திய அரசின் டெலி மனஸ் சேவை உள்ளது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும், தமிழிலும், இலவசமாகப் பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு மாற்றிவிடுவார். 2024 அக்டோபரில் இதற்கு வீடியோ வசதி சேர்க்கப்பட்டபோது முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. என்னைக் கேட்டால் முதல் அழைப்பை இங்கு செய்து, கிடைக்கும் வழிகாட்டுதலை வைத்துக்கொண்டு மற்றவரைத் தேடுவது நல்லது.

பெரிய நிறுவனம் என்றால் ரகசியம் பத்திரம் என்றும் எண்ணிவிட முடியாது. அமெரிக்காவின் புகழ்பெற்ற பெட்டர்ஹெல்ப் நிறுவனம், ஆலோசனை தேடி வந்தவர்களின் இமெயில் முகவரி, அவர்கள் பூர்த்தி செய்த படிவத் தகவல் போன்றவற்றை விளம்பரத்திற்காக பேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுடன் பகிர்ந்தது என்று அந்நாட்டின் வர்த்தக ஆணையம் 2023-ல் குற்றம் சாட்டியது. 78 லட்சம் டாலர் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. பின்லாந்தில் வாஸ்தாமோ என்ற உளவியல் சிகிச்சை நிறுவனத்தின் கோப்புகள் திருடப்பட்டு, 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே மிரட்டல் இமெயில்கள் வந்தன. ஆகவே பதிவுப் படிவத்தில் நட்சத்திரக் குறியிட்ட கட்டங்களை மட்டும் நிரப்பவும். "உங்கள் பிரச்னையை விரிவாக எழுதுக" என்ற கட்டத்தில் ஒரு வரி போதும். விரிவாகப் பேசத்தானே நேரம் வாங்குகிறோம்!

இவையெல்லாம் தொலைவில் நடப்பவை. நான் பார்த்தவரை, ரகசியம் வெளியேறும் வழி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

காதில் ஹெட்செட், ஹாலில் சத்தம்

என் அத்தை ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. மாமா காலமான பின் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு மகன் வீட்டுக்கு வந்தார். ஒரே வருடத்தில் இரண்டு பெரிய மாற்றங்கள். மருமகளுக்கும் அவருக்கும் சண்டை என்று எதுவும் இல்லை. ஆனால் யாருடைய சமையலறை என்பது யாருக்கும் தெரியவில்லை. அதைப் பற்றிப் பேச அவரே ஒரு ஆலோசகரைத் தேடி நேரம் வாங்கினார். ஹாலில் இருந்த புது டெஸ்க்டாப்பில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பத்து நிமிடம் கழித்து எனக்குப் போன். "டேய், நான் காதுல மாட்டிட்டுத்தான் இருக்கேன். அந்தம்மா பேசறது ஹால் முழுக்கக் கேக்குதுடா." மருமகள் அப்போது சமையலறையில்.

நடந்தது இதுதான். மானிட்டர் எச்.டி.எம்.ஐ. கேபிளில் இணைக்கப்பட்டிருந்தது. அதற்குள்ளேயே சிறிய ஸ்பீக்கர் இருந்தது. விண்டோஸ் ஒலியை எங்கு அனுப்புவது என்பதில் முன்பு தேர்ந்தெடுத்ததையே வைத்திருந்தது. கம்ப்யூட்டருக்கு அதில் குற்றமில்லை, யாரும் அதனிடம் மாற்றிச் சொல்லவில்லை. விண்டோஸ் 11-ல் டாஸ்க் பாரின் வலது ஓரத்தில் ஸ்பீக்கர் ஐகானில் கிளிக் செய்திடவும். கிடைக்கும் சிறிய கட்டத்தில் ஒலி அளவுக் கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஐகானை அழுத்தினால் ஒலி வெளியேறும் சாதனங்களின் பட்டியல் கிடைக்கும். அதில் ஹெட்செட்டைத் தேர்ந்தெடுக்கவும். ஜூம், கூகுள் மீட் போன்றவற்றில் ஸ்பீக்கர், மைக் தேர்வு தனியாகவும் உண்டு. அங்கும் பார்க்கவும். பின் ஏதேனும் பாட்டை ஓடவிட்டு, ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, சமையலறை வரை நடந்து போய்க் கேளுங்கள். இந்தச் சோதனையை முதல் நாளே செய்ய வேண்டும்.

ஹெட்செட் வாங்கும்போதும் ஒன்றைக் கவனிக்கவும். மொபைல் போன் இயர்போனில் ஒரே பின்னில் ஒலியும் மைக்கும் சேர்ந்திருக்கும். பல டெஸ்க்டாப்களில் பச்சைத் துளை ஒலிக்கும், ரோஸ் நிறத் துளை மைக்குக்கும் எனத் தனித்தனி. மொபைல் இயர்போனை அதில் செருகினால் எதிரில் இருப்பவர் பேசுவது கேட்கும், நீங்கள் பேசுவது அவருக்குப் போகாது. யு.எஸ்.பி. ஹெட்செட் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. மைக் வாய்க்கு அருகில் இருப்பதால் மெதுவாகப் பேசினாலும் கேட்கும். சீலிங் பேன் இரைச்சலும் குறையும்.

உங்கள் குரலைத் தடுக்க ஹெட்செட்டால் முடியாது. கதவை மூடி, வெளியே ரேடியோவோ டிவியோ ஓடட்டும். லேப்டாப் இருந்தால் உள் அறைக்குப் போகலாம். மொட்டை மாடி, நிறுத்தி வைத்த கார் என்று இடம் கண்டுபிடித்துப் பேசுகிறவர்களும் உண்டு. வை-பை சிக்னல் அங்கு எட்டுகிறதா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளவும். "உங்கள் அறையில் வேறு யாரும் இருக்கிறார்களா?" என்று ஆலோசகரையும் நீங்கள் கேட்கலாம். அது உங்கள் உரிமை.

உங்களுக்கென ஒரு யூசர் அக்கவுண்ட்

வீட்டில் எல்லோரும் ஒரே பெயரில் கம்ப்யூட்டரைத் திறந்து பயன்படுத்துவதுதான் வழக்கம். அப்படியானால் நீங்கள் பார்த்த தளம், பதிவு செய்த பாஸ்வேர்ட், டவுன்லோட் செய்த ரசீது எல்லாம் அடுத்து உட்காருபவர் கண்ணில் படும். தனி யூசர் அக்கவுண்ட் உருவாக்குவது ஐந்து நிமிட வேலை.

ஸ்டார்ட் பட்டனில் கிளிக் செய்து செட்டிங்ஸ் தேர்ந்தெடுக்கவும். இடது பக்கம் அக்கவுண்ட்ஸ் என்பதில் கிளிக் செய்திடவும். வலது பக்கம் அதர் யூசர்ஸ் பிரிவு சென்று ஆட் அக்கவுண்ட் பட்டனை அழுத்தவும். இமெயில் முகவரி கேட்டு ஒரு விண்டோ கிடைக்கும். அதில் கீழே "ஐ டோன்ட் ஹேவ் திஸ் பெர்சன்ஸ் சைன்-இன் இன்பர்மேஷன்" என்ற வரியைக் கிளிக் செய்து, அடுத்த விண்டோவில் "ஆட் எ யூசர் விதவுட் எ மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இப்போது பெயரும் பாஸ்வேர்டும் தரலாம். பெயர் கம்ப்யூட்டர் திறக்கும்போதே திரையில் தெரியும் என்பதால் "கவுன்சலிங்" என்று வைக்காமல் உங்கள் பெயரையே வைக்கவும். பாஸ்வேர்ட் மறந்தால் உதவ மூன்று கேள்விகளுக்குப் பதில் கேட்கும். அவற்றுக்கு உண்மையான பதில் தர வேண்டியதில்லை. உங்கள் முதல் பள்ளி எது, பிறந்த ஊர் எது என்பதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் தெரியுமே! நீங்கள் மட்டும் நினைவில் வைத்திருக்கும் சொல்லைத் தரவும். இடையில் எழுந்து போனால் விண்டோஸ் கீயுடன் எல் கீயை அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. கம்ப்யூட்டரில் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை உள்ளவர் மற்ற யூசரின் பாஸ்வேர்டை மாற்ற முடியும், அவருடைய போல்டர்களையும் திறக்க முடியும். வீட்டில் அட்மினிஸ்ட்ரேட்டர் கணவர், பேச வேண்டிய பிரச்னையும் அவரைப் பற்றியது என்றால் தனி அக்கவுண்ட் போதாது. கண்காணிக்கும் சாப்ட்வேர் நிறுவியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்போது அந்தக் கம்ப்யூட்டரையே தொட வேண்டாம். தோழியின் வீடு, தாய் வீடு, நம்பிக்கையான வேறு ஒரு போன் என்று பாருங்கள்.

ஆபீஸ் லேப்டாப்பும் வேண்டாம். சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன். அந்த மெஷினில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கும் வசதி ஐ.டி. பிரிவுக்கு இருக்கலாம். வேலை போகும் பயத்தைப் பற்றி, வேலை தந்தவரின் லேப்டாப்பிலேயே பேசுவது சரியல்ல. கடைசி நாளில் அதைத் திருப்பித் தரும்போது உள்ளே என்னென்ன விட்டு வந்தோம் என்ற கவலை வேறு.

ஜிமெயில், குரோம், எஸ்.எம்.எஸ்.

பல வீடுகளில் ஒரே ஜிமெயில் முகவரிதான். அதுவே அப்பாவின் போனிலும், ஸ்மார்ட் டிவியிலும், கம்ப்யூட்டரிலும் இருக்கும். அந்த முகவரியுடன் குரோம் பிரவுசரில் சைன்-இன் செய்து சிங்க் வசதியை இயக்கியிருந்தால், கம்ப்யூட்டரில் நீங்கள் பார்த்த தளத்தின் பெயர் அவருடைய போனிலும் வந்து நிற்கும். கூகுள் மீட் சந்திப்புக்கான அழைப்பு அந்த முகவரிக்கு வந்தால் காலண்டரில் ஏறி, நேரம் நெருங்கும்போது எல்லா இடத்திலும் மணி அடிக்கும்.

ஆகவே தனி ஜிமெயில் முகவரி உருவாக்கவும். அப்போது கேட்கப்படும் ரெகவரி மொபைல் எண்ணாக உங்கள் எண்ணையே தரவும். அவசரத்திற்கு மகன் எண்ணைத் தந்தால் பின்னாளில் ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும்.

"இன்காக்னிடோ விண்டோவில் பார்த்தால் போதாதா?" என்று கேட்கலாம். குரோமில் கண்ட்ரோல், ஷிப்ட் கீகளுடன் என் கீயை அழுத்தினால் இது கிடைக்கும். விண்டோவை மூடியதும் நீங்கள் சென்ற தளங்களின் பட்டியல் அந்தக் கம்ப்யூட்டரில் தங்காது. ஆனால் டவுன்லோட் செய்த பைல்கள் அப்படியே இருக்கும். இன்டர்நெட் இணைப்பு தரும் நிறுவனத்திற்கும் அலுவலக நெட்வொர்க்கிற்கும் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரிய வரலாம். கண்காணிக்கும் சாப்ட்வேரையும் இது தடுக்காது. அதனால் இதைத் தனி யூசர் அக்கவுண்டுடன் சேர்த்துப் பயன்படுத்தவும்.

பலரும் யோசிக்காதது பணம் செலுத்தும் வழி. ஜாயிண்ட் அக்கவுண்டிலிருந்து யு.பி.ஐ. மூலம் கட்டணம் அனுப்பினால் பெற்றவர் பெயர் ஸ்டேட்மென்டில் பதிவாகும். பணம் எடுக்கப்பட்ட எஸ்.எம்.எஸ். வங்கியில் பதிவு செய்த எண்ணுக்குப் போகும். எண் யாருடையது என்று ஒருமுறை பாருங்கள். ஆலோசகரின் அலுவலகத்திலிருந்து வரும் நினைவூட்டல் செய்திகளும் அப்படியே. "எனக்கு மெசேஜ் அனுப்ப வேண்டாம், நானே வந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் பேசுகிறவர்கள் செட்டிங்ஸ் சென்று லிங்க்டு டிவைசஸ் பட்டியலைப் பார்க்கவும். எப்போதோ பேரன் கம்ப்யூட்டரில் திறந்த வாட்ஸ்அப் வெப் இன்னும் அங்கே திறந்தே இருக்கலாம்.

40-வது நிமிடத்தில்

ஆலோசனை நேரம் பொதுவாக 45 முதல் 60 நிமிடம். ஜூம் இலவசக் கணக்கில் 2022 ஜூலை முதல் இருவர் பேசினாலும் 40 நிமிடத்தில் இணைப்பு நின்றுவிடும். முதல் அரை மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொல்வதுதான் நம் பழக்கம். சொல்லத் தொடங்கும் நேரத்தில் திரை அணைந்தால்? ஆலோசகர் கட்டணக் கணக்கு வைத்திருக்கிறாரா என்று முன்பே கேட்கவும். கூகுள் மீட் இலவசக் கணக்கில் இருவர் மட்டும் பேசும்போது இந்தத் தொல்லை இல்லை. மூன்று பேர் சேர்ந்தால் 60 நிமிட எல்லை உண்டு.

ஒரு மணி நேர வீடியோவுக்கு அரை ஜி.பி. முதல் ஒன்றரை ஜி.பி. வரை டேட்டா செலவாகலாம். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் பேசுபவர்கள் அன்றைய டேட்டாவை மிச்சம் வைத்திருக்கவும். மின்சாரம் போனால் கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். இருந்தும் வை-பை ரவுட்டருக்கு இல்லாமல் போவது நம் வீடுகளில் சாதாரணம். ரவுட்டரையும் யு.பி.எஸ்.ஸில் இணைக்கவும். தொடர்பு அறுந்தால் யார் யாரை எந்த எண்ணில் அழைப்பது என்று முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள்.

ஒவ்வொரு முறையும் "இப்போது எந்த ஊரில், எந்த முகவரியில் இருக்கிறீர்கள்?" என்று ஆலோசகர் கேட்கலாம். உறவினர் ஒருவரின் எண்ணும் கேட்கலாம். துப்பறியும் வேலை என்று எண்ண வேண்டாம். பேசிக்கொண்டிருக்கும்போது உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் உதவியை எங்கு அனுப்புவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் தகவலுக்கு ரகசியப் பாதுகாப்பு தருகிறது. கம்ப்யூட்டரில் சேமித்த தகவலுக்கும் அது பொருந்தும். ஆனால் தீங்கைத் தடுக்க வேண்டிய நேரத்தில் அந்தப் பூட்டைத் திறக்க அதே சட்டம் இடம் தருகிறது. எந்தெந்தச் சூழ்நிலையில் பிறரிடம் சொல்வீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.

குடும்பமாகப் பேசும்போது

அப்பா அம்மா தஞ்சாவூரில், மகள் சென்னையில், மகன் நியூ ஜெர்சியில். அப்பாவின் ஓய்வுக்குப் பின் யார் எங்கு இருப்பது என்பதில் மனத்தாங்கல். இப்படிப்பட்ட குடும்பத்தை ஒரே அறையில் உட்கார வைக்க விமான டிக்கெட் வேண்டும். வீடியோவில் அது தேவையில்லை. ஆன்லைன் முறை நேரில் போவதைவிட உண்மையிலேயே மேலானது என்று நான் நினைப்பது இந்த ஒரு விஷயத்தில்தான்.

இதில் ஆளுக்கொரு திரை என்பது நல்ல ஏற்பாடு. அப்பா கம்ப்யூட்டரில், அம்மா போனில், தனித்தனி அறைகளில். ஒரே கேமரா முன் இருவர் உட்கார்ந்தால் பெரும்பாலும் ஒருவர்தான் பேசுவார், மற்றவர் பாதி முகத்துடன் ஓரத்தில் தலையாட்டிக்கொண்டிருப்பார். ஒரே அறையில் இரு கருவிகள் இருந்தால் எதிரொலி வரும் என்பதாலும் தனி அறை தேவை. நேரம் குறிக்கும்போது கவனம். நியூ ஜெர்சி நேரம் நம்மைவிடக் கோடையில் ஒன்பதரை மணியும், குளிர்காலத்தில் பத்தரை மணியும் பின்தங்கும். மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுவார்கள். மகன் அங்கே தன் தெரபிஸ்டையே அழைத்து வருகிறேன் என்றால் அது எளிதல்ல. அமெரிக்காவில் இவர்களுக்கு உரிமம் மாநில வாரியாகத் தரப்படுகிறது. வேறு இடத்தில் இருப்பவருக்கு ஆலோசனை தர அவர் தயங்கலாம்.

கணவன் மனைவி இருவரும் சேர்ந்து பேசும்போது ரெக்கார்டிங் பற்றி முதலிலேயே பேசிவிட வேண்டும். ஜூமில் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினால் எல்லோருக்கும் அறிவிப்பு வரும். பக்கத்தில் வைத்த போனில் பதிவு செய்தால் யாருக்கும் தெரியாது. கணவன் மனைவிக்குள் ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. அதனால் வழக்கு நடந்துகொண்டிருப்பவர்கள் ஆலோசனைக்கு முன் தங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. மனம் திறந்து பேசத்தான் போகிறோம், ஆனால் எந்தத் தரையில் நிற்கிறோம் என்று தெரிந்து பேசலாமே.

சாட்பாட்டிடம் பேசலாமா?

இப்போது பலரும் ஏ.ஐ. சாட்பாட்டிடம் மனக்குறையைக் கொட்டுகிறார்கள். 1966-ல் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் எலிசா என்ற புரோகிராமை எழுதினார். "அம்மாவுடன் சண்டை" என்று டைப் செய்தால் "உங்கள் குடும்பத்தைப் பற்றி மேலும் சொல்லுங்கள்" என்கிற மாதிரி திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அது வெறும் புரோகிராம் என்று அறிந்திருந்த அவருடைய செயலாளரே, அதனுடன் பேசும்போது அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம். இன்றைய சாட்பாட்கள் எவ்வளவோ முன்னேறியவை. ஆனால் உங்கள் முகம் வாடுவதை அவை பார்ப்பதில்லை, உங்களுக்கு ஒன்று என்றால் யாரையும் அனுப்புவதும் இல்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2025 ஆகஸ்டில் ஏ.ஐ. மூலம் சிகிச்சை தருவதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. ஆலோசகரிடம் என்ன பேசுவது என்று குறிப்பு எழுதிக்கொள்ள சாட்பாட் உதவும். அந்த உரையாடலும் உங்கள் கணக்கில் சேமிக்கப்படுகிறது என்பதை மறக்காமல் பிறகு அழித்துவிடவும்.

கம்ப்யூட்டரை விட்டு எழ வேண்டிய நேரம்

வீட்டில் அடி உதை நடக்கிறது என்றால் வீடியோ ஆலோசனைக்கு நேரம் வாங்கிக் காத்திருக்க வேண்டாம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567, உடனடி ஆபத்துக்கு 112. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் 14416 எண்ணையோ, சென்னையில் 1986 முதல் இயங்கி வரும் சினேகா அமைப்பையோ அழைக்கவும். அதன் எண் 044-24640050. இவற்றுக்கு ஹெட்செட்டும் வேண்டாம், யூசர் அக்கவுண்டும் வேண்டாம்.

பேசி முடித்த பின்

சந்திப்பு முடிந்ததும் விண்டோவை மூடினால் மட்டும் போதாது. ஆலோசனைத் தளத்தில் சைன்-அவுட் செய்திடவும். பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் எனத் தேர்ந்தெடுக்கவும். டவுன்லோட்ஸ் போல்டரில் ரசீதோ பயிற்சித் தாளோ இருந்தால், தேவையானதைப் பென் டிரைவில் காப்பி செய்துகொண்டு மற்றதை ஷிப்ட் கீயுடன் டெலீட் அழுத்தி நீக்கவும். வெறும் டெலீட் என்றால் ரீசைக்கிள் பின்னில் போய் உட்கார்ந்திருக்கும். பின் ஸ்டார்ட் மெனுவில் உங்கள் பெயரில் கிளிக் செய்து சைன்-அவுட் கொடுத்து வெளியேறவும்.

அத்தையின் டெஸ்க்டாப் இப்போது உள் அறையில் இருக்கிறது. அதை அங்கே தூக்கி வைத்துக் கேபிள் இழுத்துக் கொடுத்தது மருமகள். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அத்தை கதவைச் சாத்திக்கொள்கிறார். அந்த நேரத்தில் அவர் மிக்சி ஓட்டுகிறார்.